அந்த பாய்க்குப் பேர் இல்லையா தம்பி?

வணக்கம் அண்ணா,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில எங்க தாத்தா 1957ல ஒரு படுதாக் கடை ஆரம்பிச்சார். லாரி தார்ப்பாய், கடை வாசலுக்கு வெயில் மறைப்பு, ரிக்‌ஷா டாப், கல்யாணத்துக்கு சாமியானா எல்லாம் தைச்சுக் குடுத்தோம். தைக்கிறதுக்கு ஒரு பாய் இருந்தார், முப்பத்தொரு வருஷம் எங்ககிட்டயே இருந்தார். பழைய சிங்கர் மெஷின் ரெண்டு இன்னும் எங்க வீட்ல இருக்கு. தாத்தாவுக்கு அப்புறம் பெரியப்பா பாத்தார், அவருக்கு அவ்வளவா ஈடுபாடு இல்ல, 2004ல மூடிட்டோம். நான் ஐடியில இருக்கேன். போன வருஷம் ஆபீஸ் வேலையா ஜப்பான் போனப்ப கியோட்டோவில நூறு வருஷத்துக்கு மேல நடக்கிற ஒரு கேன்வாஸ் கடையைப் பாத்தேன், ஒரு பை வாங்கிட்டு வெளிய வந்தப்ப கண்ணு கலங்கிடுச்சு. நம்ம ஆளுங்களால ஏன் எதையும் மூணு தலைமுறை நடத்த முடியலை? தாத்தா கடை பேர்லயே கேன்வாஸ் பை பிராண்ட் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். "சின்ஸ் 1957"னு போட்டுக்கலாமா? நடுவுல இருபது வருஷம் மூடி இருந்தது தப்பாயிடுமா? துணி எங்க வாங்கறது, லோகோ எப்படி இருக்கணும்னும் சொல்லுங்க. பிராண்டோட கதையை ஒரு பக்கம் நீங்க எழுதிக் குடுத்தா பெரிய உதவியா இருக்கும்.

(பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்ட ஒரு வாசகர், சேலம்)

அன்புள்ள தம்பி,

உங்க லெட்டரை நாலு தடவை படிச்சேன். தொழில் ஆரம்பிக்க யோசனை கேட்டு வர்ற லெட்டருக்கு நான் பதில் எழுதறதில்ல, ஆனா படுதாக் கடைன்னு பாத்ததும் தாண்டிப் போக முடியலை. எங்கப்பா படுதா தைக்கிறவர். கடை வச்சவர் இல்ல, இன்னொருத்தர் கடையில உக்காந்து இருபத்தாறு வருஷம் தைச்சவர். போன ஐப்பசியில மொட்டை மாடியில கட்டியிருந்த நீல ஷீட் ரெண்டாவது மழைக்கே நார் நாரா உரிஞ்சு பறந்து பக்கத்து வீட்டு முருங்கை மரத்துல போய்த் தொங்கிச்சு, அதை இழுத்து எடுத்துக் கையில வச்சிக்கிட்டு நின்னப்ப அப்பாவோட கை ஞாபகம் வந்தது, அப்பலேர்ந்து இதே நெனப்பாத்தான் இருக்கேன், அந்த நேரம் பாத்து உங்க லெட்டர் வருது.

துணி எங்க வாங்கறதுன்னு கேட்டிருக்கீங்க, ஈரோடு கரூர் பக்கம் நாலு நாள் அலைஞ்சா உங்களுக்கே தெரிஞ்சிடும். ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க, கேன்வாஸுக்கு நம்பர் உண்டு, நம்பர் சின்னதா இருந்தா துணி தடி, பத்தாம் நம்பரை விட நாலாம் நம்பர் கனம். இதை மாத்திப் புரிஞ்சுக்கிட்டுப் போய் நிக்காதீங்க. லோகோ பத்தி எனக்கு ஒரு அபிப்ராயமும் இல்ல, விடுங்க.

ஆனா அந்த "நம்ம ஆளுங்களால மூணு தலைமுறை நடத்த முடியலை"ங்கிறதை விட முடியாது. வெளிநாடு போய்ட்டு வந்த உடனே நம்ம ஆளுங்களைத் திட்டிப் பேசற பேச்சு எனக்கு ஆகவே ஆகாது. ஜப்பான்ல மட்டும் எல்லாம் சாகாம நிக்குதுன்னு உங்களுக்கு யார் சொன்னது? ஒசாகாவில கோங்கோ குமின்னு கோயில் கட்டற கம்பெனி, 578ல ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க, வருஷம் ஐந்நூத்தி எழுபத்தெட்டு, ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல ஒரே குடும்பத்துப் பேர்ல நடந்தது. அதுவும் கடன் தாங்காம 2006ல இன்னொரு கட்டுமானக் கம்பெனிக்குக் கீழ போயிடுச்சு. தொழில் நொடிக்கிறது எல்லா ஊர்லயும் நடக்கிறது தம்பி. உங்க பெரியப்பாவுக்கு ஈடுபாடு இல்லைன்னு ஒரே வரியில எழுதிட்டுப் போயிட்டீங்க. அந்த மனுஷன் 2004 வரைக்கும் அந்தக் கடையைத் திறந்து வச்சிருந்தாரே, அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சீங்களா? அந்த வருஷத்துக்குள்ள எத்தனை படுதாக் கடை ஷட்டரை இறக்கியாச்சு தெரியுமா?

பருத்தி கேன்வாஸ் மழையைத் தடுக்கற விதமே வேற. தண்ணி பட்டதும் நூல் ஊதிக்கும், ஊதினதும் இழைக்கு நடுவுல இருக்கிற சந்து அடைஞ்சிடும், துணியே தன் கதவைச் சாத்திக்கிற மாதிரி. அதுக்கு மேல மெழுகு ஏத்துவாங்க, எண்ணெய் ஏத்துவாங்க, பூஞ்சை பிடிக்காம இருக்க செம்பு கலந்த பச்சை மருந்து ஏத்துவாங்க, லாரிப் படுதான்னாலே அந்தப் பச்சைதான் நமக்கு ஞாபகம் வரும். மழை பெய்யும்போது உள்ளேர்ந்து விரலால தொட்டீங்கன்னா தொட்ட இடத்துல சொட்ட ஆரம்பிச்சிடும், ஒரு தடவை சொட்ட ஆரம்பிச்சா மழை விடற வரைக்கும் நிக்காது, சின்ன வயசுல அதுக்காக நான் அப்பாகிட்ட அடி வாங்கி இருக்கேன். நல்ல துணிதான், ஆனா கனம். நனைஞ்ச படுதாவை லாரி மேலேர்ந்து இறக்க நாலு ஆள் வேணும். ஈரத்தோட சுருட்டி மூலையில போட்டா கரும்புள்ளி விழுந்து இத்துப் போகும்.

வெளிநாட்டுலயும் இதே கதைதான். அமெரிக்காவில வட கரோலினாவில க்ளென் ரேவன்னு ஒரு பஞ்சு மில்லு, 1880ல ஆரம்பிச்சது. கடை வாசல்ல பட்டை பட்டையா கோடு போட்டு நிழலுக்கு இறக்கி விடுவாங்களே ஆனிங், அந்தத் துணியை பருத்தியில நெய்துக்கிட்டு இருந்தவங்க. வெயில்ல சாயம் போகுது, மழையில மக்குதுன்னு பாத்து, 1961ல அவங்களே அக்ரிலிக் துணியைக் கொண்டு வந்தாங்க, சன்பிரெல்லான்னு பேரு. நூலா இழுக்கறதுக்கு முன்னாடி குழம்பா இருக்கும்போதே சாயத்தைக் கலந்துடறாங்க, பீட்ரூட்டை எங்க வெட்டினாலும் சிவப்பா இருக்கிற மாதிரி நூலோட உள்ள வரைக்கும் நிறம் இருக்கும், அதனால லேசுல வெளுக்காது. பருத்தியை வச்சுப் பொழைச்ச கம்பெனியே பருத்தியைத் தள்ளி வச்சுட்டுத்தான் பொழைச்சது. நம்ம ஊருக்கு அந்த விலை கட்டுப்படியாகலை, நமக்கு வந்தது பிளாஸ்டிக் ஷீட்டும் ஃப்ளெக்ஸும். கிலோ கணக்குல கிடைக்குது, ஒரு ஆள் தோள்ல போட்டுக்கிட்டு போயிடலாம். இப்ப இளநீர்க் கடைக்கும் கரும்பு ஜூஸ் கடைக்கும் மேல என்ன கட்டியிருக்காங்க பாருங்க, யாரோ தலைவரோட பொறந்த நாள் பேனரைத் திருப்பிப் போட்டிருப்பாங்க. அதோட போட்டி போட்டு கேன்வாஸ் படுதா விக்க உங்க பெரியப்பாவால முடியலை. யாராலயும் முடிஞ்சிருக்காது.

இப்ப நீங்க பாத்த கியோட்டோ கடைக்கு வர்றேன். அது எந்தக் கடைன்னு நீங்க எழுதலை, ஆனா எனக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். ஹிகாஷியோஜி தெருவுல, சியோன்-இன் கோயில் பக்கம், இச்சிசாவா ஷின்சாபுரோ ஹான்பு. ஹான்புன்னா பாய்த்துணி, கப்பல் பாய்மரத்துல கட்டற பாய். நம்ம தார்ப்பாய்ல இருக்கிற அதே பாய்தான் பாருங்க. டார்பாலின்ங்கிற வார்த்தை தார் பூசின போர்வைன்னு கடல்காரங்ககிட்டேர்ந்து வந்தது, நம்ம வாய்க்கு வந்ததும் தார்ப்பாய்னு ஆகி, ரெண்டு பக்கமும் நம்ம வார்த்தையாவே ஒட்டிக்கிச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை.

1905ல ஆரம்பிச்ச கடை அது. நீங்க வாங்கிட்டு வந்த மாதிரி அழகான பை இல்ல அவங்க அப்ப தைச்சது. தச்சர், கொத்தனார், தோட்ட வேலை பாக்கறவர், பால் கொண்டு போறவர், இவங்களுக்கான முரட்டுப் பை. சைக்கிள்ல மாட்டிக்கிட்டுப் போவாங்க, பை மேல அவங்கவங்க கடை பேர் எழுதி இருக்கும். அப்புறம் 1950கள்ல மலை ஏறுறவங்களுக்கு முதுகுப் பை, கூடாரம்னு தைச்சாங்க, யுனிவர்சிட்டி மலையேற்ற கிளப்புங்க எல்லாம் அங்க வாங்கியிருக்கு. அந்த வேலையை நைலான் வந்து தூக்கிக்கிட்டுப் போன பிறகு தோள் பைதான் சோறு போட்டது. இன்னிக்கும் ஒரே கடை, கிளை கிடையாது. வேலை செய்யற விதம்தான் எனக்கு முக்கியம், ஒருத்தர் மெஷின்ல உக்காருவார், இன்னொருத்தர் பக்கத்துல நின்னு மடிப்பை சுத்தியலால தட்டித் தட்டி படிய வச்சு நீட்டுவார், ஜோடியாத்தான் வேலை. தடித் துணி ஊசிக்குக் கீழ போகணும்னா முதல்ல அடி வாங்கி அடங்கணும்.

அந்தக் கடை நாலாவது தலைமுறையில உடைஞ்சது, அது உங்களுக்குத் தெரியுமா? 2001ல பெரியவர் இறந்து போறார். மூணாவது மகன் பத்திரிகை ஆபீஸ் வேலையை விட்டுட்டு 1980ல வந்து அப்பாவோட சேர்ந்து கடையை வளர்த்தவர். மூத்தவர் பேங்க்ல வேலை பாத்தவர். கம்பெனி வக்கீல்கிட்ட ஒரு உயில் இருக்கு, 1997ல எழுதினது, சுருள் காகிதத்துல தூரிகையால எழுதி இருக்கு, பங்குல பெரும்பகுதி மூணாவது மகனுக்கும் அவர் மனைவிக்கும். மூத்தவர் இன்னொரு உயிலை எடுத்துக்கிட்டு வர்றார், அதுல 2000னு தேதி, பால்பாயிண்ட் பேனாவில எழுதினது, பெரும்பகுதி மூத்தவருக்கு. அதுல குத்தின முத்திரையில குடும்பப் பேரோட ஒரு எழுத்து கூட வழக்கமா அவங்க எழுதற மாதிரி இல்ல. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2004 டிசம்பர்ல மூணாவது மகன் தோத்துட்டார். அடுத்த வருஷ டிசம்பர்ல தலைவர் பதவியிலேர்ந்தும் அவரை எடுத்துட்டாங்க.

இதுக்கு அப்புறம் நடந்ததுக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். தைக்கிறவங்க, அறுபது பேருக்கு மேல, எல்லாரும் எழுந்து அவர் பின்னால போயிட்டாங்க. பேர் மூத்தவர்கிட்ட இருக்கு, கட்டடம் அவர்கிட்ட இருக்கு, நூறு வருஷத்து லேபிள் அவர்கிட்ட இருக்கு, "1905 முதல்"னு போட்டுக்கிற உரிமை கோர்ட்டே எழுதிக் குடுத்திருக்கு, ஊசிக்கு முன்னாடி உக்கார ஆள் இல்ல. கடை மாசக் கணக்கா மூடிக் கிடந்தது. அந்தப் பக்கம் 2006 ஏப்ரல்ல மூணாவது மகன் ஷின்சாபுரோ தன் பேரைச் சேர்த்து அதே தெருவுல பக்கத்துலயே புதுக் கடை திறக்கறார், பேருக்கு வயசு ஒரு நாள், ஆனா உள்ள இருந்தது பழைய கைங்க, ஜனம் வாசல்ல வரிசையில நின்னுச்சு. அப்புறம் அவர் மனைவி தனியா கேஸ் போட்டு, 2008ல ஒசாகா ஹைகோர்ட் ரெண்டாவது உயில் செல்லாதுன்னு சொல்லி, 2009ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணி, 2011ல பழைய இடத்துக்கே திரும்பிப் போனாங்க. நீங்க கண்ணு கலங்கி நின்னீங்களே, அந்தக் கடை நூறு வருஷமா நிக்கிறதுக்குக் காரணம் குடும்பம்னு நெனைச்சிருக்கீங்க. குடும்பம் ஒண்ணை ஒண்ணு கோர்ட்டுக்கு இழுத்துக்கிட்டு இருந்த அத்தனை வருஷமும் கடையைத் தாங்கினது தையல்காரங்க.

இப்ப உங்க லெட்டரைத் திருப்பிப் படிங்க தம்பி. கடை ஆரம்பிச்ச வருஷம் இருக்கு. மூடின வருஷம் இருக்கு. மெஷின் சிங்கர்னு இருக்கு, இரும்புக்குக் கூட பேர் இருக்கு. முப்பத்தொரு வருஷம் உங்க தாத்தாவுக்காக முதுகு வளைச்ச மனுஷனுக்கு "ஒரு பாய்". அவ்வளவுதானா? உங்களைத் தூக்கிக் கொஞ்சி இருப்பாரே, நோம்புக் கஞ்சி கொண்டு வந்து குடுத்திருப்பாரே, நீங்க ஸ்கூல் போன ஃபீஸ் அவர் தைச்ச படுதாவில வந்த காசுதானே? நல்ல பையன்தான் நீங்க, எழுதின விதத்துலயே தெரியுது, முப்பத்தொண்ணுன்னு வருஷத்தை எண்ணி எழுதியிருக்கீங்க, அதனாலதான் இவ்வளவு கோவம் வருது. வருஷத்தை எண்ணத் தெரிஞ்சவருக்கு பேரைக் கேக்கணும்னு தோணலையா?

நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன்னு சொல்லிடறேன். ஸ்கூல் லீவு விட்டா நான்தான் அப்பாவுக்குப் பக்கத்துல உக்காந்து மடிப்பு தட்டிக் குடுக்கற ஆள். ஓரத்துல கயித்தை உள்ள வச்சு துணியை ரெண்டா மடிச்சு மரச் சுத்தியலால தட்டணும், பலமா தட்டினா இழை நசுங்கும், மெல்லத் தட்டினா மடிப்பு தூக்கிக்கும், ஒரே அளவா தட்டிக்கிட்டே போகணும், அப்பா திரும்பிப் பாக்காமலே சத்தத்தை வச்சுச் சொல்லுவார், "டேய், தூங்கறியா?" மெஷின் ஏற முடியாத மூலையெல்லாம் கைத் தையல். கோணூசி, முறுக்கின நூல், நூலை தேன்மெழுகுல ரெண்டு தடவை இழுத்து எடுப்பார், உள்ளங்கையில ஒரு தோல் துண்டைக் கட்டிக்கிட்டு அதால ஊசியோட பின்பக்கத்தை அழுத்தி உள்ள தள்ளுவார். அந்தத் தோல் ஓட்டை ஓட்டையா ஆகி வருஷத்துக்கு ஒண்ணு மாத்தணும். ஆடி முடிஞ்சதும் கூட்டம் ஆரம்பிக்கும், கிழிஞ்ச படுதாவோட லாரிக்காரங்க கடை வாசல்லயே துண்டை விரிச்சுப் படுத்துக்குவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா எழுப்பி "ஏத்திக்கப்பா"ன்னு சொல்லுவார்.

படுதாவோட மூலைதான் முதல்ல கிழியும், கயிறு இழுக்கறது அங்கதான். எல்லாரும் மூலையில சதுரமா ஒரு துண்டை வச்சு தைச்சு மேல ரிங் அடிச்சிடுவாங்க. அப்பா மட்டும் அந்தத் துண்டை வெத்தலை மாதிரி வெட்டுவார், காம்புப் பக்கம் மூலைக்கு, அகலமான பக்கம் உள்ளுக்கு, இழுக்கற பலம் ஒரே கோட்டுல விழாம பரவிப் போகும்னு அவர் கணக்கு. யாரும் அவருக்குச் சொல்லிக் குடுத்ததில்ல. எங்க பக்கத்து கோயில்ல தேரை மூடி வைக்க படுதா தைக்கணும்னு ஒரு தடவை கூப்பிட்டாங்க, அவ்வளவு பெரிய துணியை கடையில விரிக்க இடம் இல்ல, தேரடியிலயே ஒம்பது நாள் உக்காந்து தைச்சார், நான் மத்தியானம் தூக்குல சாப்பாடு கொண்டு போவேன். கல்தரையில துணி பரந்து கிடக்கும், நடுவுல அப்பா சின்னதா தெரிவார். கடைசி நாள் தேர் மேல ஏத்திக் கட்டினப்ப அவர் கீழ நின்னு நாலு மூலையையும் ஒவ்வொண்ணா போய்த் தொட்டுப் பாத்தார், சாமி கும்பிடற மாதிரி இருந்தது எனக்கு.

அவர் வேலை பாத்த கடைக்கு அம்பது வருஷம் ஆனப்ப ஹால் பிடிச்சு விழா எடுத்தாங்க, வழவழ பேப்பர்ல ஒரு மலர் போட்டாங்க. முதலாளி, அவர் அப்பா, மருமகன், பேரப் பிள்ளைங்க, வாழ்த்துச் சொன்ன பெரிய மனுஷங்க எல்லார் படமும் இருந்தது. தேர்ப் படுதா படமும் முழுப் பக்கத்துக்கு இருந்தது. அப்பா பேர் எங்கயும் இல்ல. நான் காலேஜ் படிக்கற வயசு, புக்கைக் கிழிச்சுப் போடறேன்னு எடுத்துட்டேன். அப்பா கையைப் பிடிச்சுத் தடுத்தார், அந்த உள்ளங்கை எப்படிச் சொரசொரன்னு இருக்கும் தெரியுமா, "படுதா நல்லா விழுந்திருக்குடா போட்டோவில"ன்னு மட்டும் சொன்னார். சாகற வரைக்கும் அந்த புக்கை தலகாணிக்கு அடியில வச்சிருந்தார்.

இன்னிக்கு அந்தக் கடை இல்ல. அப்பா போய் பதினாலு வருஷம் ஆச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு துக்கத்துக்கு பக்கத்து கிராமத்துக்குப் போயிட்டு பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தேன். ரோட்டோரம் ஒரு தோட்டத்துல வைக்கப்போர் மேல ஏதோ நைஞ்சு போன பழைய கேன்வாஸைப் போட்டு கல்லை வச்சிருந்தாங்க, நிறமெல்லாம் போயிடுச்சு, நடுவுல பெரிய ஓட்டை, பாதிக்கு மேல இத்துப் போயிருக்கு. ஒரு மூலை மட்டும் கீழ தொங்கிச்சு. வெத்தலை. ரெட்டைத் தையல், கடைசியில மூணு பின்தையல், ரிங்கு கூட கழண்டு வரலை. அந்தத் தோட்டக்காரர்கிட்ட இது எங்க வாங்கினதுன்னு கேட்டேன், அவங்க அப்பா காலத்துலேர்ந்து கிடக்குதுன்னார். அந்த மூலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், ஒரு பஸ்ஸை விட்டுட்டேன்.

என் பேருக்கு முன்னாடி இருக்கிற இனிஷியல் எங்கப்பா. முழுப் பேரையும் எங்கயும் யாரும் அடிக்கலை, ஒரு எழுத்தா என் முன்னாடி நிக்கறார். உங்க பாய்க்கும் ஒரு பிள்ளையோ பொண்ணோ இருந்தா, ஏதோ ஒரு ஆபீஸ் அட்டென்டன்ஸ்ல, ஏதோ ஒரு ரேஷன் கார்டுல, அவரும் அப்படித்தான் ஒரு எழுத்தா நின்னுக்கிட்டு இருப்பார்.

கியோட்டோ கடை லேபிள்ல கூட தைச்சவர் பேர் கிடையாது, கியோட்டோ, ஹிகாஷியாமா, சியோன்-இன்னுக்கு முன்னாடின்னு விலாசம்தான் இருக்கும். அதையும் சொல்லிடறேன், அந்த ஊரை மட்டும் தூக்கி வச்சுப் பேச எனக்கு ஆசை இல்ல. ஆனா அங்க அறுபது பேரும் எழுந்து நடந்தப்ப அவங்க யாருன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. உங்க பாய் எழுந்து நடக்கலை. முப்பத்தொரு வருஷமும் உக்காந்தே இருந்தார், அதனால அவர் இருந்ததே உங்களுக்குத் தெரியாம போச்சு.

"சின்ஸ் 1957" போட்டுக்கலாமான்னு கேட்டீங்க. சட்டப்படி என்னன்னு ஆடிட்டர் சொல்லுவார். நான் சொல்றது, நீங்க பையைத் தைக்கப் போறது வேற ஊர்ல வேற யூனிட்ல யாரையோ வச்சு, அந்தக் கைக்கும் 1957க்கும் என்ன சம்பந்தம்? ஒரே ஒரு வழி இருக்கு. அந்த பாய்கிட்ட கத்துக்கிட்ட ஆள் யாராவது இருக்காங்களான்னு தேடுங்க, செவ்வாய்ப்பேட்டையில பழைய லாரி புக்கிங் ஆபீஸ்ல கேளுங்க, அவர் தொழுகைக்குப் போன பள்ளிவாசல்ல கேளுங்க, டீக்கடையில கேளுங்க. அவர் மகனுக்கோ மருமகனுக்கோ தொழில் தெரிஞ்சிருக்கலாம். கிடைச்சா அந்த ரெண்டு சிங்கர் மெஷினையும் எண்ணெய் போட்டு அவர் முன்னாடி கொண்டு போய் வைங்க, சம்பளம் பேசாதீங்க, பங்கு பேசுங்க. அப்ப 1957னு தாராளமா போட்டுக்கங்க, நடுவுல நாப்பது வருஷம் மூடி இருந்தாலும் தப்பில்ல. கிடைக்கலைன்னா நீங்க ஆரம்பிக்கிற வருஷத்தையே போடுங்க, புதுக் கடைன்னு சொல்றதுல என்ன வெட்கம்?

கதை எழுதிக் குடுக்கச் சொன்னீங்க. பேர் இல்லாத கதையை நான் எழுதித் தர மாட்டேன். தாத்தா பத்தி எழுத எனக்கு ஒரு தடையும் இல்ல, அந்தக் காலத்துல கடன் வாங்கி கடை போட்டவர், அவர் பட்ட பாடு அவருக்கு. ஆனா முதல் வரியில பாய் வரணும். எந்த ஊர்லேர்ந்து வந்தார், யார்கிட்ட தொழில் பழகினார், மூலைக்கு என்ன துண்டு வச்சார், நூலை எதுல முக்கினார், கடை மூடினப்ப அவர் கையில எவ்வளவு குடுத்தீங்க, குடுத்தீங்களா. கடைசிக் கேள்விக்கு பதில் சங்கடமா இருந்தாலும் எனக்கு எழுதுங்க.

வீட்டுப் பரண்ல, கார் ஷெட்ல எங்கயாவது தாத்தா கடைப் படுதா ஒண்ணு கண்டிப்பா கிடக்கும். எடுத்து மூலையைப் பாருங்க. பாத்துட்டு பெரியப்பாவுக்கு போன் போடுங்க, பேர் அவருக்குத் தெரிஞ்சிருக்கும், முப்பத்தொரு வருஷம் சம்பளம் எண்ணிக் குடுத்த வீடு. இன்னிக்கே பண்ணுங்க தம்பி. பெரியப்பாவுக்கு இப்ப என்ன வயசுன்னு நீங்க எழுதலை.

அன்புடன்,
அண்ணன்